மட்டக்குளிக் காற்றை யார் அளப்பது?

மட்டக்குளியில் இன்றைக்குக் காற்று எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் எண் சொல்ல மாட்டார்கள், மணம்தான் சொல்வார்கள். "எங்கயோ குப்பை எரிக்கிறாங்க." "கொன்டெய்னர் புகை." "ஆத்துப் பக்கத்துக் காத்து." களனி கங்கை கடலில் விழுகிற முனை இது. தெற்கே துறைமுகம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேலியகொடை, வடக்கே வத்தளையைத் தாண்டிப் போனால் கெரவலப்பிட்டியவில் எண்ணெயில் ஓடுகிற 300 மெகாவாட் மின் நிலையம். இவ்வளவுக்கும் நடுவில் வாழ்கிற சனத்தின் மூக்கு நல்லாப் பழகிப்போய்விட்டது. ஆனால் மூக்கு சொன்னதை யாரும் பதிவு செய்வதில்லை. முறைப்பாடு எழுதினாலும் "துர்நாற்றம்" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும்.

போனில் கொழும்பின் காற்றுத் தரத்தைத் தேடினால் ஒரு எண் வரும்தான். அது எங்கே அளந்த எண் என்று பார்க்கிறவர்கள் குறைவு. பல வருடங்களாக அதற்குப் பெரிய ஆதாரமாக இருந்தது, கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரகம் வைத்திருந்த கருவி. அங்கிருந்து மட்டக்குளிக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல். 155 பஸ்ஸில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், அந்த ரோட்டில் யன்னலுக்கு வெளியே ஊர் எத்தனை தடவை மாறுகிறது என்று. காற்றும் அப்படித்தான் மாறும். பிறகு 2025 மார்ச்சில், உலகம் முழுக்கத் தூதரகங்களில் அளந்த காற்றுத் தரவைப் பகிர்வதை நிறுத்துவதாக அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் அறிவித்தது. காரணம் நிதி என்றார்கள். பெய்ஜிங்கில் 2008இலிருந்து அவர்கள் வெளியிட்ட எண்தான் சீன அரசையே தன் காற்றைப் பற்றிப் பேச வைத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். இரவல் கருவி என்றால் இதுதான். தந்தவர் ஒருநாள் எடுத்துக்கொண்டு போவார், நாங்கள் ஏன் என்று கேட்கவும் முடியாது.

எங்கட நாட்டு நிறுவனங்கள் சும்மா இருக்கின்றன என்று சொல்லவில்லை. மண்சரிவு எச்சரிக்கைக்காகவே நாங்கள் பெயர் தெரிந்து வைத்திருக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றையும் அளக்கிறது. நகரம் நகரமாகச் சுட்டெண் வெளியிடுகிறது. 2022 டிசம்பரில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த தூசுக்காற்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை மூடியபோது, டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு லீவு விட்டார்கள். நினைவிருக்கும். அந்த நாளில் "கொழும்பு" என்ற ஒரே எண் போதுமாக இருந்தது, ஏனென்றால் புகை எல்லோருக்கும் பொதுவாக வந்தது. மற்ற 364 நாளும் வருகிற புகை அப்படிப் பொதுவானதல்ல. அது ரோட்டுக்கு ரோடு, தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. அதை ஒரு நகர எண் காட்டாது.

இங்கேதான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு கதைக்குள் வருகிறது. இப்போது எலெக்ட்ரோனிக்ஸ் விளையாட்டில் ஆர்வமுள்ள எந்தப் பிள்ளையின் மேசையிலும் இஎஸ்பி8266 அல்லது இஎஸ்பி32 போர்ட் ஒன்று கிடக்கும். தீப்பெட்டி அளவு, வைஃபை அதற்குள்ளேயே இருக்கிறது, விலை சில டொலர்கள். அதோடு பிளான்டவர் பிஎம்எஸ்5003 அல்லது நோவா எஸ்டிஎஸ்011 என்ற தூசு சென்சர் ஒன்று, ஈரப்பதனும் வெப்பமும் அளக்கிற பிஎம்இ280 ஒன்று, ஒரு போன் சார்ஜர். எல்லாம் சேர்த்து ஐம்பது டொலருக்குள் முடிக்கலாம். தூதரகம் வைத்திருந்த மாதிரியான தரமான கருவி என்றால் பதினையாயிரம், இருபதாயிரம் டொலர் என்று போகும்.

தூசு சென்சருக்குள் நடப்பது மந்திரம் ஒன்றுமில்லை. சின்ன மின்விசிறி ஒன்று காற்றை உள்ளே இழுக்கும். ஒரு லேசர் கதிர் குறுக்கே போகும். தூசுத் துணிக்கை கதிரைக் கடக்கும்போது ஒளி சிதறும், பக்கத்தில் இருக்கிற ஒளியுணரி அதைப் பிடிக்கும். விறாந்தையில் வெயில் கீற்று விழும்போது தூசு மினுங்குமே, அதே சங்கதி. மினுக்கங்களிலிருந்து "ஒரு கன மீற்றரில் இத்தனை மைக்ரோகிராம்" என்று சென்சரே ஒரு கணக்குப் போட்டு அனுப்பும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

வெளிநாட்டில் இதை வைத்துப் பெரிய வேலை பார்த்திருக்கிறார்கள். ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் 2015இல் சில ஆர்வலர்கள் தொடங்கியது, இப்போது சென்சர் கொம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளாகப் பெருகியிருக்கிறது. அவர்களுடைய பெட்டி எது தெரியுமா? ஹார்ட்வெயார் கடையில் விற்கிற 75 மில்லிமீற்றர் வடிகால் குழாயின் முழங்கைத் துண்டு இரண்டு. ஒன்றை ஒன்றுக்குள் செருகி, வாய் கீழே பார்க்க மாட்டிவிட்டால் மழை உள்ளே வராது. தாய்லாந்தின் சியாங் மாயில், வயலும் காடும் எரிகிற மாதங்களில் ஒரு பாடசாலைக்காகத் தொடங்கிய வேலை ஏர்கிரேடியன்ட் என்று வளர்ந்து, தன் வரைபடங்கள் எல்லாவற்றையும் இலவசமாகவே தருகிறது. ஆகவே எப்படிச் செய்வது என்பது இனி ஒரு இரகசியம் இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும்.

என்னுடைய பிரச்சினை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கண்காட்சிகளுக்குப் போனால் பாருங்கள். "ஸ்மார்ட்" என்ற சொல்லோடு ஒரு போர்ட், ஒரு திரை, பச்சை மஞ்சள் சிவப்பு லைட். நடுவர் வந்து ஊதுபத்தியைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வார், லைட் சிவப்பாகும், கைதட்டுவார்கள். அடுத்த கிழமை பெட்டியைக் கழற்றி அதே போர்ட்டில் செடிக்குத் தண்ணி விடுகிற ப்ரொஜெக்ட் செய்வார்கள். அதிலும் பாதிப் பேர் பாவிப்பது எம்கியூ-135 என்ற மலிவான வாயுச் சென்சர். அதன் பெயரோடு "காற்றுத் தரம்" என்று கடையில் எழுதியிருக்கும். அமோனியாவுக்கும் துள்ளும், மதுசார ஆவிக்கும் துள்ளும், புகைக்கும் துள்ளும், வெப்பமும் ஈரப்பதனும் மாறினாலும் துள்ளும். எதற்குத் துள்ளியது என்று மட்டும் சொல்லாது. காற்றைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வகை ஆர்வம் இதைவிட ஆபத்தானது. பெட்டியைச் செய்து, யன்னலில் மாட்டி, முதல் நாளே 180 என்று ஒரு எண் வந்ததும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து "மட்டக்குளி நஞ்சாகிவிட்டது" என்று போடுவது. பகிர்வு நல்லா ஓடும். மறுநாள் விசயம் தெரிந்த ஒரு அதிகாரி இரண்டே கேள்வி கேட்பார். எந்தக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள்? அப்போது ஈரப்பதன் எவ்வளவு? பதில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியோடு சேர்ந்து ஊர்ச் சனத்தின் முறைப்பாடும் குப்பைக்குள் போகும். இதுதான் என் பயம். எண் இல்லாமல் இருப்பதைவிட மோசமானது, உடைக்க இலகுவான எண்.

ஏன் உடைப்பது இலகு? முன்பு சொன்ன கணக்கு. சென்சர் பார்ப்பது ஒளிச் சிதறலை. துணிக்கை எவ்வளவு பாரம் என்று அதற்குத் தெரியாது, தொழிற்சாலையில் யாரோ சொல்லிக்கொடுத்த ஊகத்தை வைத்துத்தான் மைக்ரோகிராம் சொல்கிறது. காற்றில் ஈரம் கூடினால் துணிக்கைகள் தண்ணீரை இழுத்து ஊதும். கடல் உப்புத் துணிக்கை இன்னும் மோசம். ஊதின துணிக்கை அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும், எண் ஏறும். தூசு கூடவில்லை, ஈரம்தான் கூடியது. கொழும்பில் விடியப்புறம் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது ஒரு செய்தியே இல்லை. மட்டக்குளி கடற்கரை ஊர். ஆக இந்தச் சென்சருக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை மண்டபம் கிடைக்காது. தரமான கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்தித்தான் அளக்கும். எங்கட பெட்டியில் அந்த வசதி இல்லை.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆய்வாளர்கள் 2021இல் இதற்கு ஒரு திருத்தச் சூத்திரம் வெளியிட்டார்கள். பர்பிள்ஏர் என்ற பெட்டியின் எண்ணை ஏறத்தாழப் பாதியாக்கி, ஈரப்பதனுக்கு ஏற்பக் கொஞ்சம் கழித்து, ஒரு சின்ன எண்ணைக் கூட்டுவது. பர்பிள்ஏருக்குள் இருப்பதும் பிளான்டவர் சென்சர்தான். ஆகவே அதைக் கொப்பி பண்ணிப் போட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். அது அமெரிக்காவின் தூசுக்கும் அமெரிக்காவின் ஈரத்துக்கும் தைத்த சட்டை. எங்கட அளவுக்கு இங்கேதான் தைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, இரண்டு பெட்டியையாவது ஒரு தரமான கருவிக்குப் பக்கத்தில் சில மாதங்கள் வைப்பது. மழைக்காலமும் வரட்சியும் இரண்டும் அதில் வரவேண்டும். பல்கலைக்கழகத்திடமோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமோ போய்க் கேட்க வேண்டிய உதவி இதுதான். பணம் கேட்கத் தேவையில்லை, கூரையில் ஒரு மூலையும் ஒரு பிளக்கும் போதும்.

அந்த மூலை கிடைக்கும் வரை? கிடைக்காமலே போனால்? அப்போதும் இந்தப் பெட்டிகளால் பிரயோசனம் உண்டு, கேள்வியை மாற்றிக் கேட்டால். "மட்டக்குளியில் தூசு எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எந்த ஒழுங்கையில், எத்தனை மணிக்கு, பக்கத்து ஒழுங்கையைவிடக் கூட" என்று கேளுங்கள். ஒரே மாதிரியான பத்துப் பெட்டி. முதலில் பத்தையும் ஒரே மொட்டைமாடியில் ஒரு கிழமை பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கூடச் சொல்கிறது எது குறையச் சொல்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பிரித்து மாட்ட வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் ஈரம் எல்லாப் பெட்டிக்கும் ஏறக்குறைய ஒன்று. இந்தியாவிலிருந்து வருகிற புகையும் எல்லாவற்றுக்கும் ஒன்று. இரவில் காற்று அடங்கிப் புகை நிலத்தோடு தேங்குவதும் ஒன்று. ஆகவே ஒரு பெட்டியின் எண்ணிலிருந்து மற்றதன் எண்ணைக் கழித்தால், பொதுவான பிழையில் பெரும்பகுதி கழிந்துபோய் ஊருக்குள்ளே இருக்கிற வித்தியாசம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் எங்கட சாமான்.

இரவுத் தேக்கத்தை வேண்டுமென்றே சொன்னேன். ஒரு பெட்டி மட்டும் வைத்தால் இரவு பத்து மணிக்கு எண் ஏறும், உடனே "கொன்டெய்னர் லொறி" என்போம். லொறியே இல்லாத ஊரிலும் இரவில் ஏறும். லொறி போகிற ரோட்டில் ஒன்று, நூறு மீற்றர் உள்ளே தோட்டத்துக்குள் ஒன்று என்று வைத்தால்தான் லொறிக்கு எவ்வளவு பங்கு என்று கதைக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த லேசர் சென்சர்கள் புகை மாதிரியான நுண்துணிக்கைக்குப் பரவாயில்லை. ரோட்டில் எழும்புகிற பெரிய புழுதியைச் சரியாகப் பிடிக்காது. திரையில் பிஎம் 10 என்று ஒரு எண் வரும், அதை நம்பாதீர்கள். லொறியின் டீசல் புகையைப் பார்க்கலாம், லொறி கிளப்புகிற புழுதியைப் பார்க்க முடியாது.

மணத்தையும் பார்க்க முடியாது. இதை ஊர்ச் சனத்திடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வட கொழும்புக்குக் குப்பை மணம் பழைய சொந்தம். புளூமெண்டல் குப்பைமேடு 2009இல் மூடப்பட்டது, குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 சித்திரை வருடப்பிறப்பன்று அந்த மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அழுகுகிற குப்பையின் நாற்றம் வாயு. தூசு சென்சருக்கு அது தெரியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போதுகூட பெட்டி பச்சை லைட் காட்டும். மாறாக, மணமே இல்லாத ஒரு காலையில் அது சிவப்பாக எரியும். இந்த இரண்டும் முரண் இல்லை என்று விளங்கப்படுத்தாமல் பெட்டியை மாட்டினால், "பாத்தீங்களா, கருவியே நல்லாருக்குன்னு சொல்லுது" என்று குப்பை கொட்டுகிறவனுக்கு நாங்களே சான்றிதழ் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இதற்குக் கடலூர் சனம் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து ஆட்கள், 2004இல் தாங்களே காற்று மாதிரி எடுத்தார்கள். கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு விசேட பை, காற்றை இழுக்க ஒரு சின்னப் பம்ப். கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் 1990களில் பாவித்த முறை. நாற்றம் தாங்க முடியாத நேரத்தில் பையை நிரப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். 22 இரசாயனங்கள் வந்தன, அதில் 8 புற்றுநோயோடு தொடர்புள்ளவை. அன்றைக்கு இந்தியாவில் அந்த வாயுக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுற்றுப்புறக் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு அளவுகோலே இருக்கவில்லை. பென்சீன்கூட 2009இல்தான் பட்டியலுக்குள் வந்தது.

எனக்கு அதில் பிடித்தது வாளி இல்லை. வாளியை எப்போது திறப்பது என்று தீர்மானித்த மூக்கு. எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்துக் காற்றில், என்ன மாதிரி நாற்றம் என்று கவனித்து எழுதி வைத்த ஆட்கள் அவர்கள். எங்கட போர்ட் சாதாரண மனிசர்களால் முடியாத ஒரு வேலையைச் செய்யும், இரண்டரை நிமிசத்துக்கு ஒருமுறை தூங்காமல் எழுதும். ஆனால் பக்கத்தில் ஒரு கொப்பி வேண்டும். இன்றைக்குக் குப்பை எரித்தார்கள், இன்றைக்கு வீட்டில் விறகு மூட்டினோம், இன்றைக்குக் காற்று ஆற்றுப் பக்கம். கொப்பி இல்லாத தரவு வெறும் கோடு. கம்பியூட்டர் படித்த பெடியனுக்கு அந்தக் கோட்டைப் பார்த்து ஒன்றும் விளங்காது, அதே ஒழுங்கையில் கடை வைத்திருக்கிற அக்காவுக்குப் பார்த்தவுடன் விளங்கும்.

அந்த அக்கா வேறொன்றும் கேட்பா. பெட்டியை மாட்டப் போகும்போது நடக்கப்போகும் உரையாடல் இது, தயாராக இருங்கள்.

"தம்பி, இது கெமராவா?"

"இல்லக்கா, காத்து அளக்கிறது."

"அளந்து?"

முதல் கேள்வியிலிருந்து வருகிறேன். வயர் தொங்குகிற, லைட் மினுங்குகிற ஒரு பெட்டியோடு மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழ்ப் பெடியன் சுவரில் ஏறுவது, ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஜேர்மன் பெடியன் ஏறுவது மாதிரி இல்லை. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த ஊர் இது. அதற்கு முந்திய முப்பது வருடமும் எங்களுக்குத் தெரியும். முஸ்லிம் பெடியன் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கிற எந்தச் செய்முறைக் குறிப்பும் இந்தப் பக்கத்தை எழுதாது, நாங்கள்தான் எழுத வேண்டும். மின் கம்பத்திலோ பொதுச் சுவரிலோ மாட்ட வேண்டாம், சம்மதம் தந்த வீட்டின் பல்கனியில் மட்டும். பெட்டியின் வெளியே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் என்ன இது, யாருடையது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று பெரிதாக ஒட்ட வேண்டும். முடிந்தால் மூடி ஒளி ஊடுருவுகிறதாக இருக்கட்டும், உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியட்டும். கிராம சேவகருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். வைஃபை இல்லாத வீட்டுக்கு லோரா மாதிரித் தூர ரேடியோ போடலாம் என்று யோசிப்பவர்கள், எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டு என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் விதிகளை முதலில் பாருங்கள். இதெல்லாம் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிலர் சொல்வார்கள். பொலிஸ் நிலையத்தில் இருந்து விளங்கப்படுத்துவதைவிட இது இலகு.

வீட்டு விசயமும் இருக்கிறது. பெட்டி வீட்டுக்காரரின் வைஃபையில் ஓடும், அந்த வீட்டில் எப்போது சமைக்கிறார்கள், எப்போது ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைக்கூட ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆகவே வரைபடத்தில் போடும்போது வீட்டின் புள்ளியைப் போடாமல் ஒழுங்கையைப் போடுங்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. "அளந்து?"

முதல் பதில் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். ஒரு பெட்டியைக் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள். நுளம்புச்சுருள் ஒன்று எரிந்து முடிய வெளியாகிற நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இலேயே ஒரு ஆய்வு சொல்லிவிட்டது. கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். தன் படுக்கையறையில் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தால் நம்புவார்கள். 2022இல் காஸ் இல்லாமல் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போன வீடுகளில் எவ்வளவு புகை குடித்தோம் என்று இப்போதாவது ஒரு கணக்கு வரும். யன்னலை எந்த நேரம் திறப்பது, ஆஸ்த்மா உள்ள பிள்ளையை எந்த நேரம் விளையாட விடுவது என்ற முடிவுகளுக்கு எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் கொன்டெய்னர் ரோட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களிடம் "யன்னலைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்ததாகவே முடியும். அவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் யன்னலைச் சாத்துவது எப்படி என்று உங்களைத்தான் திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டாவது பதில் வெளியே. இலங்கையில் சட்டம் இருக்கிறது. 2008இன் வர்த்தமானிப்படி பிஎம் 2.5 நுண்தூசு 24 மணித்தியாலச் சராசரியில் கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராமையும், வருடச் சராசரியில் 25ஐயும் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் எல்லையை 15, 5 என்று இறக்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றி யாராவது பாராளுமன்றத்தில் கேட்டால் நல்லது. எங்கட பெட்டி அந்த 50ஐத் தாண்டியது என்று சத்தியம் பண்ணாது, பண்ணவும் கூடாது. அது செய்யக்கூடியது வேறு. "இந்த மூன்று ஒழுங்கையில், கிழமை நாட்களில் மட்டும், இந்த நேரத்தில் மட்டும், பக்கத்து ஒழுங்கைகளைவிட இரண்டு மடங்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. உங்கள் நடமாடும் கருவியை ஒரு மாதம் இங்கே கொண்டுவந்து வையுங்கள்" என்று மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதலாம். இந்தக் கோரிக்கையை ஈரப்பதன் என்று சொல்லித் தட்டிவிட முடியாது. ஈரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். மட்டக்குளிக்கு அண்மையில் கடைசியாக எப்போது, எங்கே காற்றை அளந்தீர்கள், முடிவு என்ன? தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "அளக்கவில்லை" என்று பதில் வந்தாலும் அது எழுத்தில் வந்த ஒரு பதில். வாகனப் புகை நியமங்கள்கூட இந்த நாட்டில் தானாக வரவில்லை. 1998இல் சட்டத்தரணி லலநாத் டி சில்வா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்ட பிறகே 2000இல் வர்த்தமானியில் வந்தன. புகைப் பரிசோதனை தொடங்க 2008 ஆனது. பத்து வருடம்.

பத்து வருடம் என்பதால்தான் ஒரு சின்ன விசயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். இதைப் பற்றிப் பேசுகிற யாரும் சொல்வதில்லை. எஸ்டிஎஸ்011இன் லேசருக்குத் தயாரிப்பாளர் சொல்கிற ஆயுள் 8,000 மணித்தியாலம். நிறுத்தாமல் ஓட்டினால் 333 நாளில் முடிந்துவிடும். ஸ்டுட்கார்ட் ஆட்கள் 145 செக்கனுக்கு ஒருமுறை மட்டும் எழுப்பி, அளந்து, திரும்பத் தூங்கவிடுவது அதனால்தான். அந்த வரியை உங்கள் கோடிலும் போடுங்கள். சிலந்தி குழாய்க்குள் கூடு கட்டும், வாயில் மெல்லிய வலை ஒன்று போடுங்கள். உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும், மாதம் ஒருமுறை திறந்து பார்க்க ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த ஒழுங்கையிலேயே ஒரு ஆள் வேண்டும், ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பத்துப் பெட்டிக்குக் காசு சேர்ந்தால் எட்டை மட்டும் மாட்டுங்கள். மற்ற இரண்டையும் அலுமாரிக்குள் வையுங்கள், முதல் மழைக்காலத்துக்குப் பிறகு தேவைப்படும்.